‘கேவ் அப்’ என்பதற்கு இத்தாலியனில் என்ன சொல்வது

கன்னியாகுமரி ரயில் நிலையத்தில் இறங்கி வருகிற வெளிநாட்டுக்காரரின் செருப்பைப் பார்த்தே எந்த நாடு என்று சொல்லிவிடுவோம், அந்தக் காலத்து கைடுகள் நாங்கள். ஜெர்மன்காரர் மலையேறுகிற பூட்ஸோடு வருவார். இங்கிலாந்துக்காரர் முழங்கால் வரை காலுறை போட்டிருப்பார். இத்தாலிக்காரர் மட்டும் இந்த வெயிலிலும் பாலிஷ் போட்ட தோல் செருப்போடு, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி இறங்குவார். அவரைக் கண்டதும் மற்ற கைடுகள் ஒதுங்கிக்கொண்டு, “அண்ணாச்சி, உங்க ஆளு வந்தாச்சு” என்பார்கள். இந்த முனையில் இத்தாலியன் பேசுகிறவன் அப்போது நான் ஒருவன்தான்.

இப்போது என் மகளும் மகனும் இதே வேலைக்கு வந்திருக்கிறார்கள். கூட இன்னும் சில பிள்ளைகள். உங்கள் கையில் போன் இருக்கிறது, அது எல்லா மொழியும் பேசுகிறது. “அப்பா, நீங்க பட்ட பாடு எங்களுக்கு இல்ல” என்று மகள் சொல்கிறாள். சந்தோஷம்தான். ஆனால் ஒரு காரியத்தை மட்டும் உங்களுக்கு எழுதி வைத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. எழுதிப் பழக்கம் இல்லாதவன், பேசுகிற மாதிரியே எழுதுகிறேன்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. இத்தாலியன் படித்தது கப்பல் சமையல்கட்டில். சரக்குக் கப்பல் ஒன்றில் பாத்திரம் கழுவப் போனேன். அங்கே மேலிருந்து கீழ் வரை இத்தாலிக்காரர்கள். வெங்காயம், கத்தி, சீக்கிரம், மடையா என்ற வரிசையில்தான் அந்த மொழி எனக்கு வந்தது. இலக்கணம் பிறகு வந்தது, அதுவும் முழுசாக வரவில்லை. ஊருக்குத் திரும்பி கைடு வேலைக்கு வந்த பிறகு அதுவே எனக்குச் சோறு போட்டது. வட்டக்கோட்டை மதிலில் வரிசையாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே இத்தாலிப் பயணிகள் பாடுவார்கள். நானும் கூடப் பாடுவேன். பாட்டின் பொருள் பாதி தெரியாது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் ஆரஞ்சு வாசனை. இப்போதும் ஆரஞ்சு உரித்தால் எனக்கு அந்த மதில்தான் நினைவு வரும்.

நம்முடைய வேலையில் பெரிய தொல்லை இங்கிலீஷ்தான். போர்டுகள் எல்லாம் இங்கிலீஷில். பெரியவர்கள் விருந்தாளியிடம் பேசுவதும் இங்கிலீஷில். அதில் ஒரே சொல் ஐந்தாறு வேலை பார்க்கும். இத்தாலியனிலோ ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சொல்.

என்னிடம் கொஞ்சம் பழகிக்கொண்டு ஒரு கைடு தனியாக ஒரு இத்தாலிக் கூட்டத்தைச் சுசீந்திரம் கூட்டிப்போனார். தெப்பக்குளத்தை நாம் இங்கிலீஷில் டேங்க் என்கிறோம். அவர் கையில் ஒரு சின்ன அகராதி. அதில் டேங்க் என்ற சொல்லுக்கு முதலில் போட்டிருந்த அர்த்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். அது யுத்தத்தில் ஓடுகிற பீரங்கி வண்டி. “கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பீரங்கி வண்டி இருக்கிறது, திருவிழா அன்று சாமி அதில் மிதந்து சுற்றி வருவார்” என்று சொல்லிவிட்டார். கூட்டம் முழுக்க கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடியது. எந்த யுத்தத்தில் பிடித்தது என்று ஒரு அம்மா கேட்டதற்கு, ராஜா வெட்டினது என்றாராம். பிறகு எத்தனையோ நாள் டீக்கடையில் அவரைக் கண்டால், “ஏலே, பீரங்கிய எங்கலே நிறுத்தியிருக்கே?” என்று கேட்போம். அவரும் சிரிப்பார்.

அது சிரித்துவிட்டுப் போகிற தப்பு. குளம் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. போய்ப் பார்த்தால் சரியாகிவிடும். போய்ப் பார்க்கக் குளம் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஒரு தடவை லூச்சியா என்று ஒரு பெண் தனியாக வந்தாள். ஐம்பதை நெருங்கின வயது. கால் செருப்பு இத்தாலி. முகம் குளச்சல். அவளை டீக்கடையில் உட்காரவைத்தால் கடைக்காரர் நேரே அவளிடமே, “ஒங்களுக்கு சீனி போடலாமா?” என்று தமிழில் கேட்பார். அவள் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே என் பக்கம் நகர்வாள். கைக்குழந்தையாக இருந்தபோது இந்தக் கரையிலிருந்து இத்தாலிக்குத் தத்துப் போனவள். வளர்த்த அப்பா அம்மா தவறிய பிறகு, பெற்றவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்திருந்தாள். அவளுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது.

“எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். என் அம்மா ஏன் என்னை விட்டாள்? அதைத் தெரிந்துகொண்டு போய்விடுவேன்” என்றாள் காரில்.

அவள் குழந்தையாக இருந்தது குளச்சலுக்கு இந்தப் பக்கம் கடலோரத்தில் ஒரு கன்னியர் மடத்தில். அங்கே இருந்தவர்களில் வயது மூத்த சிஸ்டர் எங்களை வரவேற்றார். கேரளத்துக்காரர், எண்பது தாண்டினவர், பல் எல்லாம் போய் முகம் முழுக்கச் சிரிப்பு. என்னிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். வெளிநாட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் இங்கிலீஷ்தான் பேசுவார். அது அவர் விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை.

லூச்சியா கேட்டாள். நான் சொன்னேன். சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப அன்பாக, இங்கிலீஷில் சொன்னார்: “யுவர் மதர் கேவ் யூ அப்.”

சொல்லி முடித்ததும் லூச்சியா முகம் என் பக்கம் திரும்பியது.

பிள்ளைகளே, அந்தக் கேவ் அப்புக்கு இத்தாலியனில் என்னிடம் நாலு சொல் இருந்தது. கைவிட்டாள் என்பதற்கு ஒன்று, ‘அப்பந்தொனாத்தா’. ரோட்டோரத்தில் விட்டுப்போன நாய்க்குட்டிக்கும் அவர்கள் அதைத்தான் சொல்வார்கள். உரிமையை விட்டுக்கொடுத்தாள் என்பதற்கு வேறு, அது கோர்ட்டு வாசனை அடிக்கிற சொல். ஒப்படைத்தாள் என்பதற்கு இன்னொன்று, பார்சலுக்கும் அதேதான். முடியாமல் தளர்ந்துவிட்டாள் என்பதற்கு ஒன்று, அது தோற்றுப்போனவர்களின் சொல். நாலும் சரி. எதைச் சொன்னாலும் யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நான் எதைச் சொல்கிறேனோ, அந்த அம்மாவோடுதான் இவள் மிச்சமுள்ள காலம் முழுக்க வாழப்போகிறாள்.

நீங்கள் இந்த இடத்துக்கு ஒருநாள் வருவீர்கள். எதிரில் இருக்கிறவர் முகம் பார்த்துக்கொண்டே இருக்கும். நாம் தயங்குகிற ஒவ்வொரு நொடியும் அவருக்கு ஏதோ கெட்ட செய்தி சொல்லும். அதனால் வாயில் வருவதைச் சொல்லிவிடத் தோன்றும். அதுவும் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. விருந்தாளி மனசு நோகக்கூடாது என்று நாலில் மெத்தென்று இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவோம். எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் ‘ஒப்படைத்தாள்’ வந்துவிட்டது.

நான் அதைச் சொல்லவில்லை. கையைத் தூக்கி நிறுத்திவிட்டு, “சிஸ்டர் சொன்ன சொல்லுக்கு உங்கள் மொழியில் ஒன்றுக்கு மேல் அர்த்தம் இருக்கிறது. அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்றேன் இத்தாலியனில்.

“எல்லா அர்த்தத்தையும் சொல்லுங்கள்.”

“சொல்ல மாட்டேன்.”

“உங்களைப் பேசத்தானே கூட்டிக்கொண்டு வந்தேன்?” அவள் குரல் ஏறிவிட்டது. “எனக்கு எது தெரியலாம் எது தெரியக்கூடாது என்று நீங்கள் யார் முடிவு பண்ண?”

நியாயமான கேள்விதான். ஆனால் நாலையும் முன்னால் வைத்தால் மனுஷன் எப்போதும் வலிக்கிறதைத்தான் எடுப்பான். “முடிவு பண்ணுகிறவன் நான் இல்லை என்பதால்தான் கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டு சிஸ்டர் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டேன்.

“சிஸ்டர், கேவ் அப் என்னு சொன்னியளே. வேண்டாம்னு போட்டுட்டுப் போனாங்களா, வளக்க வழியில்லாம தந்தாங்களா? எது?”

சிஸ்டர் சிரிப்பு நின்றது. “மோனே, எனிக்கு அறியாது. நான் இங்க வரும்போ இந்தக் குட்டி இத்தாலிக்குப் போயாச்சு. முன்ன இருந்த மதர் சுப்பீரியர் கேவ் அப்னுதான் சொல்லித் தந்தாங்க. நானும் அதையே சொல்றேன்.”

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். சொன்னவருக்கே தெரியாமல் இருக்கலாம். நாம்தான் அகராதியைப் புரட்டிக்கொண்டு கிடப்போம். நான் அதையும் அப்படியே லூச்சியாவிடம் சொன்னேன். சிஸ்டருக்குத் தெரியாது, கேள்விப்பட்ட சொல்லைச் சொல்கிறார் என்று. அவள் கோபம் இறங்கி, உட்கார்ந்த இடத்திலேயே சின்னதாகிப் போனாள். அதைப் பார்த்த சிஸ்டர் சட்டென்று எழுந்தார்.

“அவ அம்மைக்கு ஒரு தங்கச்சி உண்டு. குளச்சல்ல. அமலோற்பவம். எல்லா வருஷமும் திருநாளுக்கு இங்க வந்து இந்தக் குட்டியப் பத்தி கேக்கும். வா, நானும் வரேன். என்னைக் கண்டாத்தான் அவ வாய் தொறப்பா.”

அமலோற்பவம் வீட்டு முற்றத்தில் நெத்திலி காயப்போட்டு, காக்கைக்குக் காவலாகக் கம்போடு உட்கார்ந்திருந்தாள். என் வயது இருக்கும். காரிலிருந்து இறங்கின லூச்சியாவைப் பார்த்தவள் கம்பைக் கீழே போட்டுவிட்டாள். சிஸ்டர் விஷயத்தைச் சொல்ல வாயெடுக்கும் முன்னால், “சொல்லாண்டாம் சிஸ்டரே. மூக்கு எங்க அம்மைக்க மூக்கு” என்றாள். கிட்டே வந்து லூச்சியா காதைப் பிடித்துப் பார்த்தாள். “என்ன பிள்ள வளத்தாவளோ, காது குத்தல்ல பாரு.”

நான் அதையும் மொழிபெயர்த்தேன். அன்றைக்கு லூச்சியா முதல்முதலாகச் சிரித்தது அதற்குத்தான்.

பிறகு அவள் கேள்வியைக் கேட்டேன். அம்மா ஏன் கொடுத்தாள்?

“குடுத்தாளா? ஆரு சொன்னா?” அமலோற்பவம் சிஸ்டரை ஒரு பார்வை பார்த்தாள். “எங்க அக்காளுக்கு இவளுக்கு மின்ன ரெண்டு பொறந்தது. ரெண்டும் நிக்கல்ல. மூணாவது இவ. அப்பம் எல்லாரும் சொன்னாவ, தவிட்டுக்குக் குடுத்து வாங்குன்னு.”

இங்கே நான் நிறுத்தி லூச்சியாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. பிறக்கிற பிள்ளை தங்காத வீட்டில் நம்மவர்கள் செய்கிற காரியம் இது. குழந்தையை வேறு யார் கையிலாவது கொடுத்து, இது என் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டு வருவார்கள். குறித்த நாளில் கொஞ்சம் தவிடு கொண்டுபோய்க் கொடுத்து, யாருக்கும் வேண்டாத பிள்ளையை வாங்குகிற மாதிரி வாங்கி வருவார்கள். பிள்ளையைத் தேடி வருகிற கெடுதி ஏமாந்து வேறு வழி போய்விடும் என்று நம்பிக்கை.

“மடத்துக்குக் கொண்டு போனது நானும் அக்காளும். அடுக்களைல நின்ன சிஸ்டருக்க கைல குடுத்தோம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாங்கணும்னு பேச்சு. வீட்ல தவிடு அளந்து முடிஞ்சு வச்சிருந்தோம். எனக்கு நல்ல ஓர்ம இருக்கு, பச்சத் துணி. அதுக்குள்ள அக்காளுக்குப் பிரசவக் காய்ச்சல். சனிக்கிழமை விடியல்ல போயிட்டா.” கீழே கிடந்த கம்பை எடுத்துக் காக்கையை விரட்டினாள். “அந்தத் தவிட்ட கோழி தின்னுச்சு.”

நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். லூச்சியா கண்ணைத் துடைக்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் அமலோற்பவம் நிறுத்தவில்லை. கோபம் வந்தால் நிறுத்தத் தெரியாத ஆள்.

“வாங்க நாங்க போகதுக்கு மின்ன அவளுக்க அப்பன் போய்ட்டான். மடத்துல போய் நின்னுட்டு, ‘இது தள்ளைய தின்ன பிள்ள, எனக்கு இத வேண்டாம், ஆருக்காவது குடுங்கோ’ன்னு சொல்லிக் கைநாட்டு வச்சிட்டான். எங்க அம்மை அழுதுட்டு ஓடினா. பெத்த அப்பன் சொன்ன பெறவு ஆரு தருவா?”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணாச்சி, அத மட்டும் சொல்லாண்டாம். அம்மைக்க கதைய சொன்னியல்லா, அது போதும். அவ சந்தோசமா போட்டும்.”

சிஸ்டரும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சொல்லாதே என்று.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள், நீங்களும் யோசித்துப் பாருங்கள். ஆனால் அப்போது என் முன்னால் இருந்தது இது. அமலோற்பவத்தின் குரல் ஏறினதை லூச்சியா கேட்டிருந்தாள். சிஸ்டர் தலையை ஆட்டினதையும் பார்த்திருந்தாள். சட்டைக் கையைப் பிடித்ததையும் பார்த்திருந்தாள். ஏதோ ஒன்று மறைக்கப்படுகிறது என்று தெரிந்துபோன மனுஷிக்கு, மறைத்ததைவிட மோசமானது ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கும். அதோடு, ஒரே ஒரு சொல்லுக்குள் எதையெதையோ போட்டு மூடிவைத்ததால்தானே இவள் இவ்வளவு தூரம் வர நேர்ந்தது. நானும் ஒன்றைப் போட்டு மூடுவதா?

“நீங்க சொல்லிட்டிய. இனி அது அவளுக்குள்ளது” என்றேன் அமலோற்பவத்திடம்.

நம் வேலையில் ஒருவர் சொன்னதை ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. அவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். கப்பலில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை, வேலையில் தெரிந்துகொண்டது. அந்த அப்பன் பேசினதை நான் அவனாகவே சொன்னேன். இந்தக் குழந்தை அதன் அம்மாவைத் தின்றுவிட்டது. எனக்கு இது வேண்டாம். யாருக்காவது கொடுங்கள்.

முற்றத்தில் காக்கைகள் நெத்திலியைத் தூக்கிக்கொண்டு போயின. யாரும் விரட்டவில்லை.

லூச்சியா கடைசியில் கேட்டது நான் எதிர்பாராதது. “அப்போது அவனுக்கு என்ன வயது?”

“இருவத்திரெண்டு இருக்கும்” என்றாள் அமலோற்பவம். “மீசை ஒழுங்கா மொளைக்காத பய. பெறவு வள்ளத்துல போனவன் ஒருநாளு திரும்பி வரல்ல. அது வரைக்கும் வேற பொண்ணு கெட்டவும் இல்ல.”

“என் மகனுக்கு இருபத்தொன்று” என்றாள் லூச்சியா. “பால் வாங்க அனுப்பினால் பாலை மறந்துவிட்டு வருவான்.” அப்போதுதான் அழுதாள். அம்மாவுக்காக அழுதாளா, அந்தப் பயலுக்காகவா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அழுது முடித்ததும் அமலோற்பவத்திடம் ஒன்றைத் திரும்பக் கேட்கச் சொன்னாள். “ஞாயிற்றுக்கிழமை என் அம்மா என்னை எடுக்கத்தான் வருவதாக இருந்தாளா? நிச்சயமாகவா?”

“எடுக்காம? பின்ன தவிடு எதுக்கு அளந்து வச்சது?” அமலோற்பவம் எழுந்தாள். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு சிஸ்டரைப் பார்த்தாள். “சிஸ்டரே, அங்க வாங்கி வச்சத இன்னும் எங்களுக்குத் திரிச்சுத் தரல்ல கேட்டியளா?”

“அய்யோ, நான் எங்க வாங்கினேன்?”

“நீங்க இல்லன்னா ஒங்க மடம். எல்லாம் ஒண்ணுதான். இரியுங்கோ.”

பக்கத்து வீட்டில் மாடு நின்றது. அங்கே போய் ஒரு கொட்டாங்கச்சி நிறைய தவிட்டோடு வந்தாள். சிஸ்டருக்கு நெற்றி சுருங்கிவிட்டது. “இதெல்லாம் சபைக்கு ஆகாது அமலோற்பவம். நான் இதுக்கெல்லாம் இருந்தா பாதர் என்னைக் கொன்னுபோடும்.”

“பாதர்ட்ட நான் சொல்லுதேன். மடியைக் காட்டுங்கோ.”

“வெள்ளைச் சேலை.”

“வீட்ல போய் அலக்கினா போவும்.”

லூச்சியா என்னைப் பார்த்தாள். “இவர்கள் என்ன சண்டை போடுகிறார்கள்?” நான் வெள்ளைச் சேலை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் எழுந்து தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சிஸ்டர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். சிஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு கையால் மடியை விரித்தார். மறு கையை லூச்சியா தலையில் வைத்துக்கொண்டார்.

அமலோற்பவம் தவிட்டை மடியில் கொட்டினாள். பிறகு லூச்சியாவின் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினாள். ஐம்பதை நெருங்கின பெண்ணைக் கைக்குழந்தையை வாங்குகிற மாதிரி எப்படி வாங்குவது? இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிஸ்டரைப் பார்த்து, சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். “எனக்க பிள்ளைய நான் எடுத்துக்கிடுதேன்.”

சின்னம்மை என்றால் நமக்கு அம்மைதான். ஆனால் இத்தாலியனில் அம்மாவின் தங்கைக்கு வேறு பேர். விளக்கம் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வேண்டாம் என்று தோன்றியது. அமலோற்பவம் ‘எனக்க பிள்ளை’ என்றாள், ‘நான்’ என்றாள். நரைத்த தலையும் கைடு பேட்ஜுமாக நின்றுகொண்டு நானும் அதையே சொன்னேன், அவள் சொன்ன அளவு சத்தமாக. என் குழந்தையை நான் எடுத்துக்கொள்கிறேன்.